எண்பத்தேழா, எண்பத்தெட்டா

பிப்ரவரி 11, செவ்வாய்

டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத ஒரு சங்கதி கிடைத்துவிட்டது. வண்டியில் மஞ்சள் விளக்கு எரிகிறது. இஞ்சின் படம் போட்ட விளக்கு என்கிறார்கள். எனக்கு அது மூக்கு வைத்த கெண்டியாகத்தான் தெரிகிறது.

வண்டி பதினாலடி லாரி. மூன்று வருஷம் யாரோ ஓட்டித் தேய்த்ததை நான் வாங்கி நான்கு வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் அடுத்தவன் வண்டிக்கு டிரைவர். செவ்வாயும் வெள்ளியும் நாமக்கல் பக்கத்து ஹேச்சரியிலிருந்து கோழிக்குஞ்சு ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம், திம்பம் வழியாகச் சாம்ராஜ்நகர் போவேன். பொரித்து ஒரு நாள் ஆன குஞ்சு, பெட்டிக்கு நூறு. ஓடுகிற வண்டியில் காற்றுப் போய்க்கொண்டே இருந்தால் அதுபாட்டுக்குக் கீச்கீச்சென்று வரும். நின்றால் ஆபத்து.

இந்த லோடு அர்த்தநாரி பிடித்துக் கொடுத்தது. சங்ககிரியில் பட்டறை வைத்திருக்கிறான், ஆறாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. ஹேச்சரியின் சொந்த வண்டிகள் ஆறையும் அவன்தான் பார்க்கிறான். மேனேஜர் திருமூர்த்தியிடம், "நல்லசிவம் நம்ம பங்காளிங்க, நம்பி ஏத்தலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஒரு வார்த்தையில்தான் நான்கு வருஷமாகச் சோறு தின்கிறேன்.

விளக்கைப் பற்றிக் கேட்டதற்கு, டீக்கடையில் ஒருத்தர் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னார். அவர் வண்டியில் மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறாராம்.

பிப்ரவரி 13, வியாழன்

விளக்கு தானாக அணைந்துவிட்டது. என் வீட்டுக்காரி பூங்கொடி சூடம் காட்டினாள், அதனால்தான் என்கிறாள். நானும் மறுக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

பூங்கொடியை அவள் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் பவானியில் விடப் போனேன். வெறும் வண்டி. குமாரபாளையம் தாண்டியதும் மறுபடி மஞ்சள் விளக்கு.

இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். போன வாரம்தான் ஒரு குட்டிச் சொருகி வாங்கிவைத்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் என்ன கோளாறு என்று செல்போனில் ஒரு நம்பர் காட்டும். அதைக் கோடு என்பார்கள். பஸ் நிறுத்தத்தை ஒட்டி வண்டியைப் போட்டு, இஞ்சினை அணைக்காமலே பார்த்தேன். வந்துவிட்டது. பி, சைபர், சைபர், எண்பத்தேழு. எனக்கு ஒரே பெருமை. போனை ஸ்பீக்கரில் போட்டு அர்த்தநாரியைக் கூப்பிட்டேன்.

"பங்காளி, கோடு வந்திருச்சு. பி சைபர் சைபர் எம்பத்தேழு."

அவன் பட்டறையில் எவனோ தகரம் தட்டிக்கொண்டிருந்தான். இங்கே எனக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ், இடத்தை விடச் சொல்லி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து கதவைத் தட்டுகிறார். "எம்பத்தெட்டுதானே?" என்றான் அர்த்தநாரி. "ஆமாய்யா, ஆமா" என்றேன். "அப்ப பிரஷர் கூடுது. வால்வுதான். நாளைக்குக் கொண்டா, மாத்திப்போடலாம். ஓட்டறதுக்கு ஒண்ணும் பயமில்ல" என்றான்.

கண்டக்டரிடம் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பவானியில் பூங்கொடியை இறக்கிவிட்டபின் பார்த்தால் செல்போனில் 'அழி' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். விளக்கு போய்விட்டது. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

அர்த்தநாரி தன் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான். ஒன்றும் இல்லை, சுத்தமாகத் துடைத்து வைத்தாற்போல் இருந்தது.

"அழிச்சுட்டியா?"

"விளக்கு எரிஞ்சுட்டே இருந்துச்சே."

"அழிச்சா நம்பர் மட்டுமாடா போகும்? எந்த வேகத்துல வந்துச்சு, எவ்வளவு பிரஷர் இருந்துச்சு, எல்லாம் போயிரும். டாக்டர்கிட்ட வர்றதுக்கு முன்னால காயத்தை மறைச்சு வெக்கற கதையால்ல இருக்குது. சரி வுடு, நீ சொன்ன நம்பரை வெச்சே பாக்கறேன்."

வால்வை மாற்றினான். கூலி வாங்க மாட்டேன் என்று விட்டான். எப்போதும் அப்படித்தான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வெள்ளிக்கிழமை நடையும் இன்றைய நடையும் சௌகரியம். விளக்கு எரியவில்லை. திம்பம் ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. ஏற்றமென்றால் மனுஷனுக்கே வாங்கும்.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்றைக்கும் மூச்சு வாங்கியது. அர்த்தநாரியிடம் சொல்ல நினைத்தேன். அவன் ஹேச்சரி வண்டிகளுக்கு எஃப்.சி. வேலையில் இருந்தான். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாளாக எழுத முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாயிரம் குஞ்சு. பண்ணாரி செக்போஸ்டில் வரிசை நீளம், தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. திம்பம் மலைப்பாதையின் ஒன்பதாவது வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டிக்கு இழுவை இல்லை. வளைவின் நடுவிலேயே இஞ்சின் நின்றுபோனது. சாவியைத் திருப்பினேன், திருப்பிக்கொண்டே இருந்தேன். கரகரவென்று சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

மேலே பத்து வண்டி, கீழே இருபது வண்டி. செல்போனில் டவர் இல்லை. முதல் கால் மணி நேரம் உள்ளே கீச்கீச்சென்று சத்தம் பலமாக இருந்தது. பிறகு குறைய ஆரம்பித்தது. அந்தச் சத்தம் குறைந்தது இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்து பெட்டிகளை இறக்கினேன். கீழே நின்ற கர்நாடகா பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கி வந்து கேட்காமலே கை கொடுத்தார்கள். பாறை ஓரத்து நிழலில் பெட்டிகளை அடுக்கி முந்தானையால் விசிறினார்கள். ஒரு அம்மாள் தன் குழந்தையின் பால் புட்டியிலிருந்த தண்ணீரைக் கையில் ஊற்றி ஒவ்வொரு குஞ்சின் மூக்காக நனைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாயிரம் மூக்குக்கு அவள் எங்கே போவாள். குரங்குகள் வந்துவிட்டன. பஸ் டிரைவர் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு அவற்றை விரட்டும் வேலையை ஏற்றுக்கொண்டார்.

வண்டியைக் கட்டி இழுக்க ஆள் வரும்போது மணி ஒன்றே கால். பாதிக்கு மேல் போய்விட்டது. இருந்ததிலும் பல, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கிடந்தன. மஞ்சளாக, பஞ்சுபோல. அந்த அம்மாள் பஸ் கிளம்பும்போது என்னைப் பார்த்து ஏதோ கன்னடத்தில் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறுதல் சொன்னாள் போலிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மேஜைமேல் சத்தியமங்கலம் கம்பெனி ஒர்க்ஷாப்பில் எடுத்த ஸ்கேன் தாள் இருந்தது. பி சைபர் சைபர் எண்பத்தேழு.

"இந்த வெளக்கு முன்னாடியே எரிஞ்சுதுங்களா?" என்றார்.

"எரிஞ்சுதுங்க. அர்த்தநாரிகிட்டக் காட்டினேனுங்க."

"என்ன பண்ணினாரு?"

"வால்வு மாத்தினாருங்க."

மேனேஜர் ஒர்க்ஷாப்காரருக்குப் போன் போட்டுச் சத்தத்தைப் பெரிதாக வைத்தார். அந்த ஆள் விளக்கினார்: டீசல் போகிற குழாயில் பிரஷர் குறைந்தால் எண்பத்தேழு, கூடினால் எண்பத்தெட்டு. ஒன்றுக்கொன்று நேர் எதிர். எண்பத்தேழு என்றால் பில்டரையும் பம்ப்பையும் பார்க்க வேண்டும், பார்க்கும்வரை லோடு ஏற்றவே கூடாது. எண்பத்தெட்டு என்றால்தான் வால்வு. உங்கள் வண்டியில் பம்ப் போய்விட்டது, வால்வை மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்து அர்த்தநாரிக்குப் போன் போட்டார். அவன், "எனக்கு எம்பத்தெட்டுன்னுதானுங்க சொன்னாப்ல" என்றான்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் எண்பத்தேழு என்றுதான் சொன்னேன். அதையே சொன்னேன். "எம்பத்தேழுன்னுதானுங்க சொன்னேன். சத்தியமாச் சொல்றேன்." அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது.

போனில் அர்த்தநாரி, "சரிங்க" என்று வைத்துவிட்டான்.

"நம்பரையே சரியாக் கேக்கத் தெரியாத ஆள்கிட்ட ஆறு வண்டியக் குடுத்து வெச்சிருக்கறோம்" என்றார் மேனேஜர். வண்டிகளை நாமக்கல்லில் வேறு ஆளிடம் கொடுத்துவிடப் போகிறார். என்னிடம், "நீங்க பம்ப்ப மாத்திட்டு வாங்க. உங்கமேல தப்பில்லை" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

இந்த டைரியில் பழைய பக்கம் ஒன்றைத் தேடிப் புரட்டினேன். பிப்ரவரி 19. படித்தேன். மூடி வைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பம்ப் மாற்றியாகிவிட்டது. வண்டி புதுசாட்டம் ஏறுகிறது. ஒன்பதாவது வளைவில் மட்டும் ரேடியோவைப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 20, வியாழன்

அர்த்தநாரிக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். எம்பத்தெட்டு. லாரி ஸ்டாண்டில் இதுதான் இப்போது பேச்சு. "என்னப்பா, கிளட்ச்சா? எம்பத்தெட்டுகிட்டக் கொண்டுபோ, ஸ்டெப்னிய மாத்திக் குடுப்பாரு" என்று ஒருத்தர் சொல்ல, டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் சிரிக்கவில்லை என்று பார்ப்பார்களே.

திரும்பும்போது அவன் பட்டறை வழியாக வந்தேன். ஒரே ஒரு வண்டி நின்றது. அதுவும் அவனுடைய மொபெட். ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையை ஆட்டினேன். அவனும் ஆட்டினான். நிறுத்தாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

பூங்கொடி இன்று கேட்டுவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"ஏனுங்க, அன்னிக்கு நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்?"

"என்னிக்கு?"

"பவானி போன அன்னிக்கு. நீங்க எம்பத்தேழுன்னுதான் சொன்னீங்க, நான் இல்லீங்கல. அண்ணன் திருப்பிக் கேட்டாருங்களே. எம்பத்தெட்டுதானேன்னு. நீங்க ஆமாய்யா ஆமான்னீங்க."

"பஸ்காரன் ஹாரன் அடிச்சான்."

"ஹாரன் அடிச்சான்னு போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. ஒரு வார்த்தைதானுங்களே. அண்ணன் வீட்டு அக்கா ரேசன் கடையில எங்கூட நிக்கறதே இல்லை. நான் போனா அது வரிசைய வுட்டுப் போயிருது."

ரசத்தில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் ஹேச்சரிக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "நான்தானுங்க கவனிக்காம ஆமான்னுட்டேன்." இவ்வளவுதான் வாக்கியம். மேனேஜர் என்னைப் பார்த்ததும், "வாங்க நல்லசிவம், புதன்கிழமையும் ஒரு நடை அடிக்க முடியுங்களா?" என்றார். முடியும் என்றேன். வாயைத் திறந்தது அதற்குத்தான்.

இன்று முட்டாள்கள் தினமாம். செக்போஸ்டில் ஒருத்தர் சொல்லிச் சிரித்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதியாவது வைக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

அர்த்தநாரி பட்டறையைக் காலி செய்கிறான் என்று பூங்கொடிதான் சொன்னாள். திருப்பூரில் மகள் வீட்டோடு போகிறானாம். ஒரு பனியன் கம்பெனியில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முப்பது வருஷம் இஞ்சினைக் காதால் கேட்டே கோளாறு சொன்னவன்.

போனேன். கம்ப்ரஸரை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள், அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை சதுரமாக இருந்தது. ஸ்கேனரை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"உக்காரு பங்காளி" என்றான். ஸ்டூலையும் விற்றுவிட்டான் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது அவனுக்கு. இரண்டு பேரும் நின்றோம்.

சொல்லிவிட்டேன். நீ திருப்பிக் கேட்டாய், நான் காதில் வாங்காமல் ஆமாம் என்றேன், மேனேஜரிடம் பாதியைத்தான் சொன்னேன், எல்லாம். ஒரு மாதத்துக்கு மேல் தொண்டையில் நின்றது அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அவன் ஆச்சரியப்படவே இல்லை. செல்போனை எடுத்து எதையோ தேடி அமுக்கினான். என் குரல் வந்தது. தகரம் தட்டும் சத்தம், ஹாரன், எம்பத்தெட்டுதானே, ஆமாய்யா ஆமா. அவன் மருமகன் வாங்கிக் கொடுத்த போன். பேசுவதெல்லாம் அதில் தானாகப் பதிவாகுமாம்.

"எப்ப கேட்ட இதை?"

"மேனேஜர் போன் பண்ணுன அன்னிக்கே."

"ஏன்டா அவருகிட்டப் போட்டுக் காட்டல? உன்ற ஆறு வண்டியும் உன்கிட்டயே இருந்திருக்குமே."

"காட்டியிருந்தா உன்ற லோடு போயிருக்கும். கோடு வந்ததையும் அழிச்சுட்டு, நம்பரையும் தப்பாச் சொல்லிட்டுக் குஞ்சைக் கொன்னவன்னு ஆயிருக்கும். வண்டியையும் வித்துப்போட்டு நீ மறுக்கா எவங்கிட்டப் போயி டிரைவரா நிப்ப? எனக்குன்னா கைத்தொழில் இருக்குது, சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்." அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினான். "அதுவுமில்லாம, நீயே வந்து சொல்லிருவேன்னு இருந்தேன். ஒரு வாரம் பாத்தேன். அப்பறம் மாசக் கடைசிக்குள்ள வருவேன்னு பாத்தேன். அப்பறம் பாக்கறத வுட்டுட்டேன்."

"நாளைக்கே மேனேஜர்கிட்டச் சொல்றேன் பங்காளி."

"வேண்டாம். அங்க வேற ஆளுக்கு வருசத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. இனிச் சொல்லி எனக்கு ஆகறது ஒண்ணுமில்ல."

"அப்பறம் நான் என்னதான் பண்றது?"

"அந்தப் பொட்டிய ஒரு கை புடி" என்றான்.

பிடித்தேன். டெம்போவில் ஏற்றினோம். அவன் மனைவி பட்டறையை ஒட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. வண்டி திரும்புகிறவரை நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவன் வேண்டாம் என்றாலும் நான் சொல்லத்தான் சொன்னேன். நேற்று வருஷப்பிறப்புக்கு லீவு, இன்று லோடு ஏற்றும் முன்பே ஆபீஸுக்குள் போய்விட்டேன். மேனேஜர், கணக்குப்பிள்ளை, ஹேச்சரி வண்டி டிரைவர்கள் இரண்டு பேர், எல்லோர் முன்னாலும் சொன்னேன். தப்பு என்னுடையது, அர்த்தநாரியுடையது இல்லை. அவன் சரியாகத்தான் திருப்பிக் கேட்டான், நான்தான் கவனிக்காமல் ஆமாம் என்றேன், கோடு வந்ததை அழித்ததும் நான்தான். லோடை நிறுத்திவிடுங்கள் என்றும் சொன்னேன். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி என்னையே பார்த்தார். பிறகு கணக்குப்பிள்ளையிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இந்தக் காலத்துல யாருங்க இப்படித் தானா வந்து ஒத்துக்கறாங்க?"

அவர் லோடை நிறுத்தவில்லை. அது முடிந்துபோன கதை, குஞ்சுக்கு இன்சூரன்ஸ் வந்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அர்த்தநாரியைத் திரும்பக் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன். "அவருதான் திருப்பூர் போயிட்டாராமே, நல்லாயிருக்கட்டும்" என்றார். டிரைவர் ஒருத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு டீ சொன்னார்கள். அடுத்த மாதத்திலிருந்து தினமும் எனக்கு லோடு. நம்பிக் கொடுக்கலாம் என்றார் மேனேஜர். கிளம்பும்போது வருஷப்பிறப்பு லட்டு ஒரு டப்பா கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

திருப்பூருக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது.

வீட்டுக்கு வந்ததும் பூங்கொடி டப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நல்ல மனுசன்னு சொன்னாங்க" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். லட்டை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.